சின்னப்பன் என்றால் யார்?

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில் 1950-களில் எழுதப்பட்ட ஒன்றையும், இப்போது எழுதப்பட்டு வரும் ஒன்றையும் அருகருகே வைத்துப் புரட்டுகிறவர், இரண்டும் ஒரே ஊர் மக்களுடையவை என்று எளிதில் நம்பமாட்டார். பழைய ஏட்டில் சவரிமுத்து, இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசைமாணிக்கம், சந்தியாகு, ஆசீர்வாதம், சிங்கராயன், வியாகுலமேரி, அமலோற்பவம் என்று வரிசை நீளும். புதிய ஏட்டில் ஜோவ்ஷா, ரெய்லின், ஜெஃப்ரிஷ் என்ற வகையில் பெயர்கள் அணிவகுக்கும். இம்மூன்றும் எடுத்துக்காட்டுக்காக நானே ஒலிகளைக் கோத்துப் புனைந்தவை. ஆயினும் இவற்றைப் படிக்கும்போது தம் உறவில் ஏதோவொரு குழந்தையின் முகம் நினைவில் எழாத வாசகர் அரியர்.

இப்பெயர்களை இட்ட பெற்றோரை அணுகி, இதன் பொருள் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை வரும்: "ஹீப்ரு மொழியில் கடவுளின் பரிசு என்று அர்த்தம்." எங்கே கண்டீர்கள் என்றால், கைப்பேசியில் ஒரு பட்டியலில். அப்பட்டியல்களில் உலகின் பெயர்களெல்லாம் மூன்றே பொருள்களுக்குள் அடங்கிவிடுகின்றன: கடவுளின் பரிசு, ஒளி, இளவரசி. தந்தை பெயரின் முதலெழுத்தையும் தாய் பெயரின் கடைசி அசையையும் ஒட்டவைத்துப் பிறந்த ஒலிக்கு எபிரேயத் தீர்க்கதரிசிகள் எப்போது பொருள் எழுதிவைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வந்தவர் திங்கட்கிழமை எண்கணிதம் பார்ப்பவரிடம் சென்று, பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ வாங்கி வருகிறார். இவ்வளவையும் செய்தபின் அவரே சொல்கிறார்: "பாட்டனார் பெயர் வேண்டாம் சுவாமி, அது அர்த்தமில்லாத பட்டிக்காட்டுப் பெயர்."

உண்மை இதற்கு நேர் மாறானது. நாம் நாணிக் கைவிட்ட பெயர்கள்தாம் சிந்தித்து ஆக்கப்பட்டவை. நாம் பெருமையோடு சூட்டும் பெயர்கள்தாம் சொல்லப்படும் பொருள் இல்லாதவை.

சின்னப்பனை எடுத்துக்கொள்வோம். பேருந்திலோ சந்தையிலோ ஒருவர் தம் பெயர் சின்னப்பன் என்றால், கேட்பவர் அவரை எந்தச் சமயத்தவர் என்றும் கணிக்க இயலாது. அவ்வளவு இயல்பான தமிழ்ப்பெயர் அது. ஆனால் நம் வீடுகளில் அது புறவினத்தாரின் திருத்தூதருடைய பெயர். 'பவுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்று பொருள். அச்சொல்லின் ஒலியைக் கடன் வாங்காமல், பொருளை எடுத்து, அதனோடு தமிழ்க் குடும்பத்தின் 'அப்பர்' என்ற சொல்லைச் சேர்த்துச் சின்னப்பர் ஆக்கினார்கள். தம்மைத் திருத்தூதர்களுள் கடையவர் என்று எழுதிக்கொண்ட அவருக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எம்மொழியிலும் அமையவில்லை என்பேன். கிரேக்கரும் ஆங்கிலேயரும் ஒலியை வைத்துக்கொண்டு பொருளை விட்டனர். தமிழர் மட்டுமே அவரைத் தம் வீட்டுச் சிற்றப்பனைப் போல அழைத்தனர்.

இராயப்பரும் அப்படியே. பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் கல்லுக்கு 'ராயி' என்று பெயர். அதிலிருந்து இராயப்பர் என்பார் ஒரு சாரார். 'இராயர்' என்றால் அரசர், தலைவர், ஆகவே திருத்தூதர்களின் தலைவர் இராயப்பர் என்பார் மறு சாரார். முதல் விளக்கமே எனக்கு உகந்தது. எனினும் பாறையும் தலைமையும் ஒரே சொல்லில் ஒலிக்கும்படி அமைந்துவிட்ட பேறு வேறெந்த மொழிக்கும் கிட்டவில்லை. இப்பெயர் ஈழத்திலும் வாழ்ந்தது. 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்து, போரின் கொடுமைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பி, 2021-இல் மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பெயரில் இரண்டு புனிதர்கள் இருந்தனர். ஒருவர் தமிழில், மற்றவர் எபிரேய ஒலியில்.

யோவான் என்பதற்கு ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது பொருள். ஆகவே அருளப்பர். போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, மறவ நாட்டில் உழைத்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்ட ஜான் தெ பிரிட்டோ தமக்கு அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டதும் இந்த அருளினால்தான். வீரமாமுனிவரோ தம் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் 'கருணையன்' என்றார். சூசையப்பரை 'வளன்' என்றார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்வாராக என்பது பொருள். தொடக்கநூலில் இராகேல் தன் மகனுக்கு அப்பெயர் இட்டபோது இன்னொரு மகனையும் ஆண்டவர் கூட்டித் தருவாராக என்று வேண்டினாள். கூடுதல், பெருகுதல், வளம், வளன். இத்தாலியில் பிறந்த ஒருவர் எபிரேயச் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக்கி 3615 பாடல்களைக் கொண்ட காப்பியத்தின் தலைவனுக்குச் சூட்டினார். திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி என்று பெயர்ப்பலகையில் படிக்கிறவர்களில் பலர் வளனார் யாரோ ஒரு தமிழ்ப் புலவர் என்றே எண்ணிக் கடந்து போகிறார்கள்.

எல்லாப் பெயரும் இப்படிப் பொருள் பெயர்த்து ஆக்கப்பட்டவை அல்ல. சில, கடலோரத்துக் காற்றில் அடித்து வரப்பட்டவை. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்கள் அவர்களோடு ஒட்டின. 'ஜுசே' என்பது சூசை ஆயிற்று. அயல்மொழிச் சொல் ஐகாரத்தில் முடிந்து, ஆசை மீசை என்பவற்றின் உறவாகிவிட்டது. 'சான்க்துஸ் யாக்கோபுஸ்' என்ற இலத்தீன் ஐபீரிய நாட்டு நாவில் தேய்ந்து 'சந்தியாகோ' ஆகி, நம்மிடம் சந்தியாகு ஆனது. இதில் 'சந்த்' என்பதே புனிதர் என்று பொருள்படும். ஆகவே 'புனித சந்தியாகு' என்று சொல்லும்போது நாம் அவரை இருமுறை புனிதராக்குகிறோம். இடிமுழக்கத்தின் மகனுக்கு இது மிகையாகாது.

பர்னாந்து என்ற பெயரைக் கேளுங்கள். கோத் இனத்தார் என்ற பண்டை ஜெர்மானியக் குலத்தார் ஸ்பெயினுக்குள் புகுந்தபோது கொண்டுவந்த பெயர் அது. அங்கிருந்து கப்பலேறித் தூத்துக்குடி வந்து, வலை இழுப்பவரின் குடும்பப்பெயராக நிலைத்தது. அதே தூத்துக்குடியில் பனிமய அன்னையின் திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. உரோமையில் கோடையில் பனி பெய்ததாகச் சொல்லும் மரபிலிருந்து பிறந்த பட்டம் அது. பனிப்பொழிவை ஒருநாளும் கண்டிராத, உப்பளங்கள் வெயிலில் கண்கூசும் ஓர் ஊரில் ஆண்களும் பெண்களும் பனிமயம், தஸ்நேவிஸ் என்ற பெயர்களைத் தாங்கி வாழ்கிறார்கள். பட்டியலில் பார்த்து வைத்த எந்தப் பெயருக்கு இவ்வளவு பயணம் உண்டு?

இனி சவரிமுத்து. பள்ளிக்கூடங்களில் அதிகம் கேலி செய்யப்பட்ட பெயர் இதுவாகத்தான் இருக்கும். சவரம், சவுரிமுடி என்று அடுக்குவதற்குச் சிறுவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? சவேரியார் என்பதன் மூலம் 'எச்சேபெர்ரி' என்ற பாஸ்க் மொழிச் சொல். 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதியது. நவார் நாட்டில் அப்புனிதர் 1506-இல் பிறந்த கோட்டைக்கு அது பெயர். சுற்றியுள்ள எந்த மொழியோடும் உறவு காட்டமுடியாத பழமையான மொழி பாஸ்க். அம்மொழியின் 'புதுவீடு' என்ற சொல், 1542-இல் இக்கடற்கரையில் கால்வைத்த ஒருவரின் வழியாக, முத்து என்ற தமிழ்ச்சொல்லோடு மணமுடித்துச் சவரிமுத்து ஆகியிருக்கிறது. முத்துக்குளிப்போர் கரையில் முத்தைத் தவிர வேறெதை அதனோடு சேர்ப்பார்கள்?

சொற்களுக்கும் இதே வரலாறு உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்தியாவில் அச்சேறிய முதல் தமிழ் நூல். அதைத் தந்த அண்டிரிக் அடிகளார் இறைவனைத் 'தம்பிரான்' என்ற தமிழ்ச்சொல்லால் அழைத்தார். ஆனால் வழிபாட்டுச் சொற்கள் பல போர்த்துக்கீசியமாகவே நின்றன. 'மிஸ்ஸா' என்ற சொல் தமிழ் நாவில் 'மீசை' ஆயிற்று. மீசை கண்டீரா, மீசைக்குப் போனீரா என்று கடற்கரைக் கிறிஸ்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட உள்நாட்டார் என்ன நினைத்திருப்பர் என்று விளக்க வேண்டியதில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இச்சொற்களை மாற்றத் தொடங்கினார். மீசை பூசையாயிற்று. பிற்காலத்தில் அது திருப்பலியாயிற்று. 'அர்ச்சியசிஷ்ட' என்ற நெடிய வடசொற்கூட்டு 'அர்ச்.' எனச் சுருங்கிப் பின் 'புனித' என்பதற்கு இடம் விட்டது. பாப்பானவர் பாப்பரசராகி, பாப்பிறையாகி, இன்று திருத்தந்தை ஆகியிருக்கிறார். நம் சமயத்தமிழ் நானூறு ஆண்டுகளாக ஓயாமல் சொல்லாக்கிய பட்டறை. அந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவையே நம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் போன்ற சொற்பிறப்பு ஆய்வாளர் நம்மிடையே தோன்றியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தாங்கிய பெயரும் புனித அலோசியுசுக்குத் தமிழில் வழங்கும் பெயர்தான்.

பின் ஏன் நாணம் வந்தது? பெயருக்கு அகராதி தரும் பொருள் ஒன்று, தெரு தரும் பொருள் வேறொன்று. தெரு தரும் பொருளே நம்மை வென்றது.

தெருவின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 'பிராங்கு' என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக நாவுகளின் வழியே வந்து 'பறங்கி' ஆயிற்று. அதன்பின் பறங்கிக்காய் உண்டாயிற்று, பறங்கிமலை உண்டாயிற்று, பறங்கிப்புண் என்று ஓர் இழிநோய்க்கும் அதுவே பெயராயிற்று. மறையில் சேர விரும்பியவரிடம் 'பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா?' என்று துவிபாஷிகள் கேட்டு வந்ததைக் கண்டு தத்துவ போதகர் துடித்ததற்குக் காரணம் இதுவே. அச்சொல்லில் இழிவும் ஏளனமும் ஏறியிருந்ததை உடனிருந்த பிற குருக்கள் உணரவில்லை.

நம் காலத்தில் 'பீட்டர்' என்ற பெயருக்கு இதுவே நேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அளந்து பேசுகிறவனைப் 'பீட்டர் விடுகிறான்' என்கிறது தெருத்தமிழ். தலைமைத் திருத்தூதரின் பெயர் வெற்று ஆடம்பரத்தைக் குறிக்கும் சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. நம் திரைப்படங்களும் பல பத்தாண்டுகள் இந்தத் தொண்டைச் செவ்வனே செய்தன. கள்ளக்கடத்தல்காரனின் அடியாள் என்றால் அவன் பெயர் ராபர்ட் அல்லது டேவிட். மதுக்கூடத்தில் ஆடுகிறவள் என்றால் ரோசி அல்லது ரீட்டா. நாமும் அப்படங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்து, கைதட்டி, வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு வேறு பெயர் தேடினோம். இராயப்பன் என்றே பெயர் நின்றிருந்தால் தெருவால் அவனைப் 'பீட்டர்' என்று கேலி செய்ய முடிந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் இராயப்பனை நாகரிகம் கருதிப் பீட்டராக்கினோம். பீட்டர் கேலிக்குரியவனான பின் அவனை ஜெஃப்ரிஷ் ஆக்குகிறோம். அடுத்த தலைமுறை இதையும் கேலி செய்யும்போது எங்கே ஓடுவோம்?

ஓடுவதற்கு உண்மையான காரணம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை இந்த வழக்கில் நான் சேர்க்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, கிறிஸ்தவ மறையைத் தழுவிய தலித் மக்களுக்குப் பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை மறுக்கிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திறக்கப்பட்டது. நம்மவர்க்கு இன்றுவரை திறக்கப்படவில்லை. இதனால் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக இரட்டை வாழ்வு வாழும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்பும் பிழைப்பும் ஒரு பெயரில் தொங்கும்போது, அதை மாற்றிய தாயிடம் மரபு பேசுவது மனிதத்தன்மை ஆகாது. அது போலவே, சில ஊர்களில் சவரிமுத்து என்றதும் எந்தத் தெரு என்று மனத்துக்குள் கணக்கிடுகிற நம் சொந்தச் சகோதரர்களின் பார்வைக்கு அஞ்சிப் பெயரை மாற்றியவர்களையும் குறை சொல்லமாட்டேன். குறை பார்ப்பவரிடம் இருக்கிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் இலாசர் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்ற நீலகண்டனுக்கு அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். இலாசர் என்பதற்குக் கடவுள் உதவினார் என்பதே பொருள். அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதிப்பட்டத்தை 2020-இல் உரோமை நீக்கியபின், 2022 மே 15-ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். தமிழ்ப் பட்டறையில் வார்த்த ஒரு சொல் அனைத்துலகத் திருச்சபையின் புனிதர் வரிசையில் தமிழாகவே ஏறியது. பட்டம் போயிற்று, பெயர் நின்றது. இதைக் கண்டபின்னும் பெயருக்குப் பின்னால் சாதிவாலை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் ஆங்கிலப்படுத்தும் வசதி படைத்தோரைப் பற்றியே நான் பேசுகிறேன்.

கேள்வி ஒன்று எழும், அது நியாயமான கேள்விதான். பெயருக்குப் பொருள் வேண்டும் என்று சொல்கிறீரே, நம் பழம்பெயர்களிலேயே பிழையில் பிறந்தவை இல்லையா? உண்டு. வெரோணிக்கா என்பதை 'மெய்யுருவம்' என்று விளக்கிச் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் பலர் மறையுரை ஆற்றுகிறார்கள். இலத்தீன் சொல் ஒன்றையும் கிரேக்கச் சொல் ஒன்றையும் ஒட்டிச் செய்த விளக்கம் அது. உண்மையில் அப்பெயர் வெற்றியைக் கொணர்பவள் என்று பொருள்படும் 'பெரெனிக்கே' என்ற கிரேக்கப் பெயரின் மறுவடிவம். பிலோமினாவின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1802 மே 25-ஆம் நாள் உரோமையில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் ஒரு கல்லறையை மூன்று ஓடுகள் மூடியிருந்தன. அவற்றில் இருந்தபடியே படித்தால் 'லுமேனா பாக்ஸ் தே கும் ஃபி' என்று வந்தது. முதல் ஓட்டைக் கடைசிக்கு மாற்றி 'பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா', அதாவது 'உனக்குச் சமாதானம், பிலுமேனா' என்று படித்தார்கள். ஒளியின் மகள் என்று அதற்குப் பொருளும் சொன்னார்கள். கிரேக்கத்திலோ அன்புக்குரியவள் என்பதே பொருள். 1961-இல் அவருடைய திருநாள் வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. இடம் மாறிய ஓடுகளிலிருந்து எழுந்த பெயர், நம் ஊர்களில் எத்தனை பிலோமினா அக்காமார்களாக, டீச்சர்களாக, செவிலியர்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறது!

ஆகவே பொருள் தவறியதனால் ஒரு பெயர் கெட்டுவிடுவதில்லை. அதைத் தாங்கி முன்னே நடந்தவர்கள் அதற்குப் பொருள் ஆகிறார்கள். ஆர்ஸ் நகரின் பங்குக்குரு வியான்னி பிலோமினாவிடம் வேண்டினார் என்பது அப்பெயரின் பொருளில் சேர்ந்துவிட்டது. கஞ்சிக்கு வழியில்லாத நாளிலும் செபமாலையை விடாத உங்கள் பாட்டி பிலோமினாவும் அதில் சேர்ந்துவிட்டார். அப்படியானால் ஜோவ்ஷாவும் நாளை வாழ்ந்து தன் பெயருக்குப் பொருள் தரமாட்டாளா என்றால், தருவாள். குழந்தையின்மேல் எனக்கு வழக்கில்லை. அவளுக்கு முன்னே அப்பெயரில் நடந்தவர் ஒருவரும் இல்லை என்பதை மறைத்து, இல்லாத எபிரேயத்தைக் காட்டி, இருக்கிற பாட்டியை ஒளித்துவைத்த பெற்றோர்மேல்தான் என் வழக்கு.

நம் பெயர்கள் மறந்துபோனதில் திருச்சபைக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1995-ஆம் ஆண்டு பொதுமொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. பிற சபையாரோடு ஒரே நூலைக் கையில் ஏந்தும் அருமையான நன்மைக்காகப் பெயர்களில் நாம் விட்டுக்கொடுத்தோம். இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், யாகப்பர் யாக்கோபு ஆனார், சூசையப்பர் யோசேப்பு ஆனார். சீகன்பால்கு காலந்தொட்டு அவர்கள் ஒலியைப் பேணினார்கள். நாம் பொருளைப் பேணினோம். ஒலிக்கு இசைந்தது தவறென்று நான் வாதாடவில்லை. வாசக மேடையில் ஒரே பெயர் ஒலிப்பது நல்லதே. ஆனால் மேடையில் மாற்றியபோது மேடைக்குக் கீழே இருந்தவர்களுக்கு எவரும் விளக்கவில்லை.

விளைவைப் பாருங்கள். பேரன் வாசக மேடையில் ஏறி, 'திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்' என்று கணீரென்று படிக்கிறான். மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்கும் தாத்தாவின் பெயர் சின்னப்பன். தான் வாசிப்பது தன் தாத்தாவின் பெயர்கொண்ட புனிதரின் மடல் என்று அவனுக்குத் தெரியாது. தாத்தா பெயர் ஏதோ பழைய ஊர்ப்பெயர் என்று நினைக்கிறான். நாளை தன் மகனுக்குப் பெயர் தேடும்போது அது அவன் நினைவுக்கே வரப்போவதில்லை.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தன் 761-ஆம் விதியில், குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படப் பங்குக்குரு முயல வேண்டும், இயலாவிடில் பெற்றோர் தரும் பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு 855-ஆம் விதியில் பிடியைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் கவனித்தால் போதும் என்றது. தளர்த்தியது சரிதான். செல்வி, மலர், அன்பு, இனியன் என்ற தமிழ்ப்பெயர்கள் நம் பீடத்தருகே வர அது வழிதிறந்தது. ஆனால் கவனிக்க வேண்டிய மூவரும் இன்று எதைக் கவனிக்கிறார்கள்? பங்குக்குரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொள்கிறார். ஞானப்பெற்றோர் புகைப்படத்துக்கு நிற்கிறார்கள்.

பழைய விதியின் இரண்டாம் பாதியை மட்டுமாவது பங்குகள் மீண்டும் கைக்கொள்ளலாம். என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். அதனருகில் பாட்டன் பாட்டியர் நால்வரின் பெயர்களையும் எழுதி, அவற்றுள் ஒன்றின் பொருளை ஞானப்பெற்றோர் வாய்விட்டுச் சொன்னபின் பதிவேட்டை மூடலாம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, குடும்பத்தின் பழம்பெயர்களைக் கேட்டு வரச்சொல்லலாம். ஆசிரியர் அவற்றை யாகப்பர் யாக்கோபு என்று இணைத்துக் கரும்பலகையில் எழுதலாம். இதற்குப் பணமும் வேண்டாம், குழுவும் வேண்டாம்.

2025 மே 8-ஆம் நாள் புதிய திருத்தந்தையின் பெயர் உரோமையில் அறிவிக்கப்பட்டபோது நம் செய்தித்தாள்கள் எல்லாம் 'பதினான்காம் லியோ' என்று எழுதின. நம் பிள்ளைகளுக்கு லியோ என்றால் 2023-இல் வந்த ஒரு திரைப்படம் நினைவுக்கு வந்தது. லியோ என்பது சிங்கம். இப்பெயர் தாங்கிய முந்தைய திருத்தந்தையை, 1891-இல் தொழிலாளர் உரிமைக்காகத் திருமடல் எழுதியவரை, நம் பழைய செபநூல்கள் '13-ம் சிங்கராயர்' என்று அச்சிட்டன. அன்றிரவு தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நம் ஊர்ச் சிங்கராயன்களில் எத்தனை பேருக்கு, பேதுரு பேராலயத்து மேல்மாடத்தில் தம் பெயரை அழைத்தார்கள் என்று தெரிந்திருக்கும்?